எட்டு லிட்டர் எண்ணெய்

டிப்போக்காரருக்கு மைத்துனன்மேல் முதன்முதலில் கோபம் வந்தது எட்டு லிட்டர் எண்ணெயால். அது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் அப்போது அவர்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு படுக்கை விரிப்பின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் எது நடந்தாலும் நான் ஏதாவது ஒரு கிழிசலோடு அங்கே உட்கார்ந்திருப்பேன். அது என் பிழைப்பு. பொழுதுபோக்கும்தான், பொய் சொல்வானேன்.

நான் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். தெருவே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் லாண்டரி. ஒரு மருத்துவமனை, இரண்டு விடுதிகள், இவற்றின் விரிப்பும் தலையணை உறையும் தினம் மூட்டை மூட்டையாக வரும். முன்னறையில் துவைக்கும் மெஷின் இரண்டு. பின்னறையில் ஒரு கட்டில் நீளத்துக்கு ரோலர் மெஷின். சூடான உருளையின் ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் மடிப்புக் கலையாத துணியாக வெளியே வரும். கொடுக்கும் கை கொஞ்சம் தாமதித்தால் முழங்கைவரை சுட்டுவிடும். லாண்டரிக்காரியின் இரண்டு கைகளிலும் அப்படிக் கோடு கோடாகத் தழும்புகள் உண்டு.

அவள் புருஷன்தான் டிப்போக்காரர். பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடம் மெக்கானிக், இப்போது தலைமை மெக்கானிக். தெருமுனையில் பஸ் திரும்பும்போதே, வீட்டுக்குள் படுத்தபடி அது எந்த வண்டி, அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். குடி கிடையாது, புகை கிடையாது, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் தனக்குத் தெரியாத ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது.

லாண்டரிக்காரியின் தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். எதற்கும் புத்தகத்தைப் பார்த்துத்தான் கை வைப்பான். இல்லாவிட்டால் எட்டாவது மாடியிலிருந்து ஆள் விழுவான் என்பான். அவளுக்கு அவன்தான் எல்லாம். அம்மா போனபோது அவளுக்குப் பதினாறு வயது, அவனுக்கு ஆறு. குளிப்பாட்டி, ஊட்டி, படிக்கவைத்து ஆளாக்கியவள் அவள். பிள்ளை இல்லாத அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்ததும் அவன் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். அவன் வரும் நாளில் அவள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

அவனிடம் ஒரு சின்ன பெட்ரோல் எஸ்யூவி இருந்தது. ஐந்து வருடம் ஓடியது. நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துத் தெருவில் அதற்குச் செங்கல் என்று பெயர் வைத்திருந்தார்கள். கம்பெனியில் அவனுக்கு வேன் கொடுத்ததும், வெளியில் கேட்ட விலையைவிடக் குறைத்து அக்காவுக்கே கொடுத்தான். மழைக்காலத்தில் ஆட்டோவில் மூட்டை ஏற்றி நனைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய உபகாரம். பின் சீட்டை மடக்கினால் எண்பது விரிப்பு போகும்.

சாவியோடு, பிளாஸ்டிக் உறையில் போட்ட சர்வீஸ் புத்தகத்தையும் நான்கு லிட்டர் எண்ணெய் கேன் இரண்டையும் கொண்டுவந்து வைத்தான். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

"மாமா, இந்த இன்ஜின்ல பெல்ட் வெளியில இல்ல. உள்ள, எண்ணெயிலயே ஓடுது. அதனால இந்த எண்ணெய் மட்டும்தான் ஊத்தணும். வேற ஊத்தினா பெல்ட் ஊறிப் பிஞ்சிடும். புத்தகத்துலயும் குறிச்சு வெச்சிருக்கேன்" என்றான்.

டிப்போக்காரர் மூடியைத் திறந்து ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். சிரித்தார். "சரி சரி" என்றார். லாண்டரிக்காரி கையில் டீத் தம்ளர்களோடு அங்கேயேதான் நின்றிருந்தாள். தம்பி தெருவைத் தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு டிப்போக்காரர் பிடித்துக்கொண்டார். லிஃப்ட்டில் மேலேயும் கீழேயும் போய் வருகிறவன் தனக்கு எண்ணெய் சொல்லித் தருகிறானாம். தண்ணி மாதிரி இருக்கிற இதை ஊற்றினால் இன்ஜின் என்னத்துக்கு ஆகும்? பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடின பஸ்ஸையே தான் கட்டி மேய்க்கவில்லையா? அன்று இரவுவரை அதே பேச்சு. கேன்கள் இரண்டும் பின்னறை அலமாரிக்குப் போயின.

ரோலர் மெஷினின் பேரிங் அப்போது கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. ஒருநாள் லாண்டரிக்காரி அந்த எண்ணெயில் நாலு சொட்டு விட்டுப் பார்த்தாள். கப்சிப். அதற்கப்புறம் வாரம் ஒருமுறை அதற்கு அதுதான். நானும் ஒரு இருமல் மருந்து பாட்டிலில் கொஞ்சம் வாங்கிப்போய் என் தையல் மெஷினுக்கு விட்டேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. நல்ல எண்ணெய் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை.

செங்கலுக்கு டிப்போக்காரர் தன் கையால் எண்ணெய் மாற்றினார். டிப்போப் பீப்பாயிலிருந்து கெட்டியான பஸ் எண்ணெய் ஐந்து லிட்டர் கேனில் வந்துவிடும். எப்படி வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பார்கள். இவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்து, பழையதை வடித்து, புதியதை ஊற்றுவார். லாண்டரிக்காரி புனலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி அத்தனை பதனமாக ஊற்றுவார். அவர் அந்த வண்டியைக் கவனிக்கவில்லை என்று யாரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுச் சொல்ல முடியாது.

முதல்முறை ஊற்றும்போது அவள் மெதுவாக, "தம்பி வேற என்னமோ சொன்னானே" என்றாள். அவர் மொத்த எண்ணெயையும் ஊற்றி முடித்தார். மதியம் தட்டில் கை வைக்காமல் எழுந்து போனார். இரவும் சாப்பிடவில்லை. மறுநாளும் அப்படியே போய், மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தார். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. புனலை மட்டும் பிடித்தாள்.

பழைய வண்டி என்றால் செலவு வரத்தான் செய்யும். இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில் ஒன்று போனது. கூலன்ட் டப்பா விரிசல் விட்டது. துணி மூட்டைகளின் பாரத்தில் பின் டயர் இரண்டும் சீக்கிரமே தேய்ந்தன. ஒவ்வொன்று கழலும்போதும் அவர் அதைத் தூக்கிப் பிடித்து, "பாத்தியா, உன் தம்பி குடுத்த சீதனம்" என்பார். காசு கொடுத்து வாங்கியது எப்படிச் சீதனமாகும் என்று கேட்க எனக்கு நாக்கு நமநமக்கும். பெட்ரோல் போடும் நாளெல்லாம் வேறு வழக்கு. லிட்டருக்குப் பதினேழு போகும் என்று தம்பி சொல்லியிருந்தான். இங்கே பதினொன்றைத் தாண்டவில்லை. இருநூறு கிலோ துணி மூட்டையோடு மேட்டில் ஏறி, ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போனால் எந்த வண்டிதான் பதினேழு கொடுக்கும்? தம்பி ஒரு ஞாயிறன்று அதைத்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னான். இவருக்கு அது இன்னொரு பாடமாகப் பட்டது. அடுத்த ஞாயிறிலிருந்து அவன் வந்தால் இவர் எழுந்து டிப்போவுக்குப் போய்விடுவார், விடுமுறை நாளிலும்.

இந்த வருடம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. துணி காயாது. ரோலர் காலை ஆறு மணிக்குச் சுற்ற ஆரம்பித்தால் பொழுது சாய்கிறவரை நிற்காது. வீடு முழுக்க ஆவியும் சோப்பு வாடையும். அவள் நின்றபடியே ரொட்டியும் அவித்த முட்டையும் தின்பாள். அந்த நாட்களில்தான் வண்டியில் சிவப்பு விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. வளைவில் திரும்பும்போது எரியும், நேரே வந்தால் அணையும். சென்சார் கோளாறு, அந்தக் காலத்து வண்டியில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது என்றார். பிரேக் மிதிக்கக் கடினமாக இருக்கிறது என்றாள். உனக்குக் காலில் சத்து இல்லை என்றார்.

ஒரு புதன்கிழமை மதியம் மருத்துவமனை விரிப்போடு சரிவில் இறங்கும்போது பிரேக் கல்லாகிவிட்டது. இரண்டு காலையும் வைத்து மிதித்திருக்கிறாள், இறங்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரச் சுவரில் வண்டியை உரசவிட்டே நிறுத்தினாள். நின்ற இடத்திலேயே இன்ஜின் டக்கென்று ஒரு சத்தத்தோடு அடங்கிவிட்டது. அந்த நிலைமையிலும் ஒரு சரக்கு ஆட்டோவைப் பிடித்து எண்பது விரிப்பையும் ஒப்படைத்துவிட்டு, நனைந்துகொண்டே நடந்து வந்தாள். முன்னறையில் வந்து உட்கார்ந்தாள். நான் கொடுத்த டீயில் பாதி தரையில்தான் போயிற்று.

டிப்போக்காரர் போய் வண்டியைப் பார்த்துவிட்டு முகம் சிவந்து திரும்பினார். இன்ஜின் பூட்டிக்கொண்டது என்றார். விற்கும்போதே உள்ளே செத்த இன்ஜின் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தேதான் தலையில் கட்டினான் என்றார். அக்கா உயிர் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தவனுக்கு இந்த வீட்டில் என்ன வேலை? போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அவள் முன்னால் நீட்டினார்.

"நீயே சொல்லு. நான் சொன்னா மாமா பிரிச்சிட்டாருன்னு ஊர் பேசும்."

நடந்ததைச் சொன்னாள். எதிர்ப்பக்கம் முதலில் கேட்டது, "உனக்கு ஒண்ணும் ஆகலயேக்கா?" என்றுதான். இல்லை என்றாள். டிப்போக்காரர் விரலால் மேசையைத் தட்டினார்.

"நீ இனிமே இங்க வர வேணாம்" என்றாள்.

அவன் கேட்டான், "இது நீ சொல்றியா, மாமா சொல்றாரா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"நான்தான் சொல்றேன்."

"சரிக்கா. இன்ஜினத் திறக்கற அன்னிக்கு மட்டும் சொல்லு. வந்து பாக்கறேன்."

டிப்போக்காரருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தானே திறந்தால் கைவரிசை காட்டிவிட்டார் என்பானாம். அதனால் இந்த மாதிரி வண்டிகளையே பார்க்கும் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். சாட்சிக்கு என்னையும் வரச்சொன்னார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சேலை மாற்றிக்கொண்டு லாண்டரிக்காரியோடு கிளம்பினேன். தம்பி எங்களுக்கு முன்பே பட்டறைக்கு வந்து நின்றிருந்தான்.

பட்டறைக்காரர் அதிர்ந்து பேசாத ஆள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றி, பழைய பேப்பரை விரித்து அதன்மேல் வைத்தார். எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை. அதில் கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டார். பிறகு வண்டியை இறக்கி, இன்ஜினின் மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். பெல்ட் வீங்கி, ஓரமெல்லாம் பிய்ந்து தொங்கியது. ஒரு துண்டைக் கிள்ளி விரலில் நசுக்கினார். ஊறிய ரொட்டியாக உதிர்ந்தது.

"இதுதான் போய் அடைச்சிருக்கு. எண்ணெய் மேல ஏறல. பிரேக்குக்குப் பவர் குடுக்கற பம்பும் இதே எண்ணெயிலதான் ஓடுது, அதுவும் நின்னுபோச்சு. என்ன எண்ணெய் ஊத்துனீங்க?"

டிப்போக்காரர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி முன்னால் வந்தார். "எண்ணெயில குறை வெக்கல. பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடற பஸ்ஸுக்கு ஊத்தற சரக்கு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ நானே மாத்தறேன். இவதான் புனல் பிடிக்கிறா. கேட்டுப் பாருங்க."

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "பஸ்ஸுக்கு அது நல்ல எண்ணெய்தான் சார்" என்றார். அதற்குமேல் என்ன இருக்கிறது சொல்ல?

டிப்போக்காரருக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. இன்ஜின் தெரிந்த மனிதர் இல்லையா, புரிந்ததும் முழுசாகப் புரிந்துவிட்டது. பேப்பரிலிருந்த கறுப்புத் தூளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மைத்துனனைப் பார்க்காமல், "இதெல்லாம் வண்டி குடுக்கும்போதே தெளிவாச் சொல்லியிருக்கணும்" என்றார்.

தம்பி சண்டைக்குப் போவான் என்று நினைத்தேன். அவன் வண்டிக்குள் கை நீட்டி, முன் பெட்டியிலிருந்து சர்வீஸ் புத்தகத்தை எடுத்தான். பிளாஸ்டிக் உறையில் அவன் அடித்த ஸ்டேப்ளர் பின்கூடப் பிரிபடாமல் அப்படியே இருந்தது. அதை மாமாவிடம் காட்டவில்லை. வண்டியின்மேல் வைத்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினான்.

"நான் கேன் குடுத்தப்ப நீ எங்கக்கா இருந்த?"

"அங்கதான்."

"இப்ப அந்தக் கேன் எங்க?"

"ரோலருக்கு விடறேன். ஒண்ணு இன்னும் திறக்கல."

"புனல் பிடிச்சது நீயா?"

அவள் தலையசைத்தாள்.

"மாமாவுக்குத் தெரியல. தெரியாதவர்மேல எனக்கென்ன கோபம்? உனக்குத் தெரியும்ல. நான் சொன்னத நின்னு கேட்டவதான நீ."

"சொன்னா சாப்பிடாம எந்திரிச்சிடுவாருடா" என்றாள். "வீட்ல சண்டை வேணாம்னு..."

"சண்டை வேணாம்னு இதுல ஏறி அந்தச் சரிவுல இறங்கியிருக்க. போன்ல, நான்தான் சொல்றேன்னும் சொன்ன." புத்தகத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டான். "என்னை வளத்தவ நீ. அன்னிக்கு உனக்கு ஏதாவது ஆகியிருந்தா, நான் குடுத்த வண்டியில போயிட்டன்னுதான காலம் பூரா நினைச்சிட்டுக் கிடந்திருப்பேன்?"

அவளால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என்னாலும்தான். அந்த எண்ணெயை இருமல் மருந்து பாட்டிலில் வைத்திருந்தவள் நான். அவன் சொன்னதை அன்றைக்கு நானும்தான் கேட்டேன். வாய் கிழியப் பேசுகிறவள், அந்த ஒரு இடத்தில் மட்டும் நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன்.

"போறேன்கா" என்றான்.

இத்தனை வருடத்தில் அவன் வாசலிறங்கும்போது "வரேன்கா" என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அவளும் அதைக் கவனித்தாள். அவன் பின்னாலேயே நாலடி நடந்தவள் நின்றுவிட்டாள்.

டிப்போவில் கடன் போட்டு, பழைய இன்ஜின் ஒன்று வாங்கிப் பொருத்தியாகிவிட்டது. செங்கல் இப்போது நன்றாகவே ஓடுகிறது. புத்தகத்தில் குறித்த எண்ணெயை டிப்போக்காரரே கடையில் வாங்கிவந்து ஊற்றுகிறார். ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கடை, பில்லோடு வருகிறார். புனலையும் அவரே பிடித்துக்கொள்கிறார். மைத்துனனிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்று நானே முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனார். ஆனால் மைத்துனனிடம் போகவில்லை. தம்பி, அக்கா கூப்பிட்டால் போனை எடுக்கிறான். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்கிறான். ஞாயிறுகளில் வேலை இருக்கிறது என்கிறான்.

லாண்டரிக்காரி ரோலருக்கு எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டாள். பத்து நாளில் பேரிங் கிறீச்சிட ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் தெருக்கோடிவரை கேட்டது. எங்களுக்கே பல் கூசியது என்றால், ஓசையை வைத்தே நோய் சொல்கிற மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் பின்னறைக்குப் போய், அலமாரியிலிருந்து அந்தக் கேனை எடுத்து மூடியைத் திருகினார். அவள் விரிப்பை அப்படியே போட்டுவிட்டு வந்து, அவர் கையிலிருந்து கேனை வாங்கினாள்.

"இது என் தம்பி குடுத்தது. தொடாதீங்க."

"சத்தம் தாங்க முடியலடி."

"நான் தாங்கறேன்ல" என்றாள்.

மூடியை இறுக்கி, கேனைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, உருளைக்கு அடுத்த விரிப்பைக் கொடுத்தாள். மழை விட்டு வெயில் வந்துவிட்டது. கொடியிலேயே காயவைக்கலாம். ஆனால் காலை ஆறு மணிக்கு அந்த ரோலர் தவறாமல் சுற்றுகிறது. அடுத்த அறையில் அவர் கண்ணைத் திறந்தபடி படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.